விசைப்படகு டீசல் ஃபில்டர் கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

நடுக்கடலில் எஞ்சின் திணறினால் முதலில் கை போவது ஃபில்டருக்குத்தான். புதிது போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் மறுபடி அதே திணறல். இன்னொரு ஃபில்டர் போகிறது. இப்படிக் காசு கரைந்து கடைசியில் டீசல் பம்ப்பும் (அதிக அழுத்தத்தில் நாசிலுக்கு டீசல் அனுப்பும் பம்ப்) கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: கோளாறு ஃபீட் பம்ப்புக்கு (டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தள்ளும் சின்ன பம்ப்) முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பது.

டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்தே இருக்கும். டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருந்தால் மட்டும், எஞ்சினை நிறுத்திய பிறகு அந்த இடம் ஈரமாகலாம். ஃபீட் பம்ப்பிலிருந்து டீசல் பம்ப் வரை தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போதே டீசல் கசிந்து கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ள ஒவ்வொரு சோதனையும் இந்தப் பிரிவை வைத்தே நடக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் நம் விசைப்படகுகளில் அதிகம் உள்ள அமைப்புக்கு: டேங்க், காக் (டீசலை அடைத்துத் திறக்கும் குழாய்), வாட்டர் செப்பரேட்டர் (டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணமுள்ள ஃபில்டர்), கை பிரைமர் (கையால் அடித்து டீசல் ஏற்றும் பம்ப்) உள்ள ஃபீட் பம்ப், பிரைமரி ஃபில்டர், செகண்டரி ஃபில்டர், மெக்கானிக்கல் டீசல் பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை), மிச்ச டீசலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன். காமன் ரெயில் எஞ்சின் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் நிற்கும் வகை) என்றால் செப்பரேட்டர், ஃபில்டர் வரைக்கும்தான் நீங்கள் கை வைக்கலாம். அதற்குப் பின்னால் உள்ள எந்த நட்டையும் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்திய அளவுதான் தெரியும், ஆனால் கையையே இழக்க வைக்கும் காயம் அது. அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய எஞ்சின்களின் நாசில் பைப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

ஸ்பேனர் எடுக்கும் முன்

கடலில் நின்றுவிட்டால் முதல் வேலை நங்கூரம். படகு பாறைக்கோ, கப்பல் போகும் பாதைக்கோ நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தால் ஃபில்டரைத் திறந்து உட்காராதீர்கள். வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆவது சேனலில் பக்கத்துப் படகுகளுக்குச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

எஞ்சின் ரூமில் பீடி, சிகரெட் கூடாது. சைலன்சர் குழாயும் மேனிஃபோல்டும் ஆறட்டும். சூடான இரும்பில் சொட்டும் டீசல் புகைந்து தீப்பிடிக்கும். ஃபில்டருக்கு அடியில் ஒரு பழைய எண்ணெய் டின்னை வையுங்கள். கழிவு டீசல் அடித்தளத் தண்ணீரோடு கலக்க வேண்டாம், கடலிலும் கொட்ட வேண்டாம்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: பிரைமரி இரண்டு, செகண்டரி இரண்டு, செப்பரேட்டர் எலிமென்ட் (உள்ளே வடிகட்டும் பாகம்) ஒன்று, அவற்றுக்கான ரப்பர் ரிங்குகள், பேஞ்சோ போல்ட் (நடுவில் டீசல் போகும் துளையுள்ள போல்ட்) அளவுக்கேற்ற காப்பர் வாஷர்கள், ஹோஸ் கிளிப் நான்கு, டீசல் தாங்கும் ஹோஸ் ஒரு மீட்டர், அதே அளவில் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு முழம், மூடியுள்ள சுத்தமான 10 லிட்டர் கேன். இந்தக் கேன்தான் மிகப் பெரிய சோதனைக் கருவி. ஏன் என்று கீழே வருகிறது.

அறிகுறி 1: சும்மா ஓடும்போது நன்றாக இருக்கிறது, மடி (இழுவலை) இழுக்கும்போது ஆர்.பி.எம். இறங்குகிறது

முதலில் புகையைப் பாருங்கள்.

*புகை கறுப்பாக வந்தால்* ஃபில்டரைத் தொட வேண்டாம். டீசல் போதுமான அளவு போகிறது. காற்று போதவில்லை அல்லது பாரம் அதிகம். புரொப்பல்லரில் கயிறோ வலையோ சுற்றியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டர்போ ஹோஸ் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ரூம் கதவையும் ஜன்னலையும் இறுக மூடிவிட்டு எஞ்சினுக்கே மூச்சுத் திணறும் படகுகள் உண்டு.

*புகை குறைந்து எஞ்சின் சோர்ந்தால்* டீசல் பட்டினி. சோதனை வரிசை, காசு இல்லாததில் தொடங்கி:

டேங்க் காக் முழுக்கத் திறந்திருக்கிறதா? கைப்பிடி திறந்தபடி தெரிந்தும் உள்ளே பந்து பாதி திரும்பாமல் நிற்பதுண்டு. இரண்டு டேங்க் இருந்தால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்து டேங்க்கின் காற்றுக் குழாய். எஞ்சின் திணறும் நேரத்திலேயே டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, ஓரிரு நிமிடத்தில் எஞ்சின் தெளிந்தால் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. பெயின்ட், உப்பு, குளவிக் கூடு மூன்றும் வழக்கமான காரணங்கள். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்த பிறகு வரும் கோளாறுகளில் இது முக்கியமானது. பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

செப்பரேட்டர் கிண்ணத்தைப் பாருங்கள். தண்ணீரோ கறுப்புக் கசடோ தெரிந்தால் அறிகுறி 5-க்கும் 6-க்கும் போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கேன் சோதனை. 10 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, ஃபீட் பம்ப்பின் உள்வாய் ஹோஸைக் கழற்றி, தனி ஹோஸ் மூலம் கேனிலிருந்து கொடுங்கள். ரிட்டர்ன் டேங்க்குக்கே போகட்டும், ஆனால் கேன் சீக்கிரம் காலியாகும், விட்டுவிடாமல் கவனியுங்கள். கேனைக் கயிற்றால் கட்டி, சைலன்சரிலிருந்து தள்ளி வையுங்கள். ஏர் எடுத்துவிட்டு (எப்படி என்று அறிகுறி 2-இல் வருகிறது) பாரத்தோடு ஓட்டுங்கள்.

கேனில் ஓடும்போது முழு ஆர்.பி.எம். வந்தால் கோளாறு டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில். செப்பரேட்டர் எலிமென்ட், உள்ளே தோல் உரிந்து மடங்கிய ஹோஸ், டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் வலை, இந்த வரிசையில் பாருங்கள். ஹோஸ் வெளியே புதிதுபோல இருக்கும், உறிஞ்சும்போது உள்தோல் மடங்கி வழியை மூடும். கையால் அமுக்கினால் பஞ்சுபோல அமுங்கும் ஹோஸை மாற்றிவிடுங்கள். கேன் இணைத்தும் திணறினால் கோளாறு ஃபீட் பம்ப்பிலோ அதற்குப் பின்னாலோ. ஃபீட் பம்ப் உள்வாயில் உள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள். பல டிரைவர்களுக்கு அப்படி ஒரு வலை இருப்பதே தெரியாது; ஃபில்டர் பத்து மாற்றினாலும் அது அடைத்தபடியே இருக்கும். பிறகு பிரைமரி, செகண்டரி இரண்டையும் மாற்றுங்கள். பிறகு ஃபீட் பம்ப்பின் வெளிவாயைக் கழற்றி பிரைமரை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் டீசல் பலமாகப் பாய வேண்டும். ஒழுகுவதுபோல வந்தால் வால்வும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கின்றன, ரிப்பேர் கிட் போட்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்.பி.எம். வரவில்லை என்றால் மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு (அதிகப்படி டீசலை ரிட்டர்னுக்கு விடும் வால்வு), டீசல் பம்ப், நாசில். அது டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் பெஞ்சில் போட வேண்டிய வேலை. பம்ப்பின் சீல் வைத்த திருகைத் திருப்பி ஆர்.பி.எம். கூட்ட முயலாதீர்கள்.

செப்பரேட்டருக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில் ஒரு வாக்யூம் கேஜ் (உறிஞ்சும் விசையைக் காட்டும் மானி) பொருத்தினால் இந்தத் தேடல் பெருமளவு குறையும். புது எலிமென்ட் போட்டு முழு ஆர்.பி.எம்.மில் ஊசி நிற்கும் இடத்தில் கோடு போட்டு வையுங்கள். ஊசி 7 அங்குலப் பாதரச அளவைத் தாண்டத் தொடங்கினால் எலிமென்ட் மாற்ற நேரம் வந்துவிட்டது. 10 வரை விடாதீர்கள். ஆர்.பி.எம். விழுகிறது, ஆனால் ஊசி அசையவே இல்லை என்றால் அடைப்பு அந்தப் பக்கம் இல்லை.

அறிகுறி 2: ஃபில்டர் மாற்றியதும் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது சில நிமிடம் ஓடி நிற்கிறது

காற்று. இதற்கு வேறு காரணம் அரிது. சில நிமிடம் ஓடுவது டீசல் பம்ப்பில் மிச்சமிருந்த டீசலால்.

காற்றை எடுக்கும் வரிசை மாறக் கூடாது; டேங்க் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் நோக்கிப் போக வேண்டும். காக்கைத் திறந்து, செப்பரேட்டரின் மேல் திருகைத் தளர்த்துங்கள். டேங்க் கீழே இருந்தால் மேல்மூடி வழியாகச் சுத்தமான டீசல் ஊற்றி நிரப்புங்கள். பிறகு பிரைமரி தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி பிரைமரை அடியுங்கள். நுரை வரும், பிறகு குமிழி கலந்த டீசல், பிறகு குமிழியே இல்லாத டீசல். அப்போது, பிரைமரை அழுத்தியபடியே, ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து செகண்டரி. அடுத்து டீசல் பம்ப்பின் பக்கவாட்டு ஏர் ஸ்க்ரூ. முடிந்ததும் பிரைமரின் கைப்பிடியை மறக்காமல் திருகி மூடுங்கள். திறந்திருந்தால் அதுவே காற்று உறிஞ்சும் ஓட்டை.

இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். சுழற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் இல்லை: பேட்டரி பலம், கம்ப்ரஷன் பக்கம் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. ஸ்டாப் லீவர் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு நாசில்களின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி எஞ்சினைச் சுழற்றுங்கள். டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை இழுக்காதீர்கள். ஒரு நிமிடம் இடைவெளி கொடுங்கள். புகைக் குழாயில் கடல்நீர் கலக்கும் அமைப்பு என்றால், பலமுறை சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். பிடித்த மறுகணம் வால்வைத் திறக்க வேண்டும்.

காற்று எடுத்த பிறகும் திரும்பத் திரும்பக் குமிழி வருகிறதா? நீங்கள் இப்போது கழற்றிய இடங்களையே முதலில் சந்தேகியுங்கள்.

பழைய ரப்பர் ரிங் ஃபில்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ரிங் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் தலையின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்ப்பதே வழி. பெட்டியில் வந்த புது ரிங்கை விட்டுவிட்டு உப்பி விறைத்த பழையதையே போட்டிருப்பதும் உண்டு. திருகும் வகை ஃபில்டரில் ரிங்குக்கு டீசல் தடவி, ரிங் தலையைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். கிண்ண வகையில் நடு போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத் தலையின் மரை போய்விடும். பிறகு எந்த ரிங்கும் நிற்காது, தலையையே மாற்ற வேண்டியதுதான்.

காப்பர் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுவது நல்லது. கிடைக்காவிட்டால், கரையில் வைத்துப் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மென்மையாகும், கறுப்பைத் தேய்த்து மறுபடி போடலாம். எஞ்சின் ரூமில் இந்த வேலை கூடாது.

ஒரு பழக்கம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். காற்று எடுக்கும் வேலையைக் குறைக்க, செகண்டரியில் கேன் டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்துகிறார்கள். செகண்டரியின் நடுத்துளை வழியாக ஊற்றும் டீசல் எந்த வடிகட்டலும் இல்லாமல் நேரே டீசல் பம்ப்புக்குப் போகிறது. ஒரு மணல்துகள் போதும், பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் கீறிவிடும். செப்பரேட்டரையும் பிரைமரியையும் நிரப்புங்கள். செகண்டரியைக் காலியாகப் போட்டு பிரைமரால் நிரப்புங்கள். கை வலிக்கும்தான், பம்ப் பிழைக்கும்.

அறிகுறி 3: காலையில் மட்டும் முரண்டு பிடிக்கிறது, பிரைமர் அடித்தால் பிடிக்கிறது

இரவில் டீசல் டேங்க்குக்குத் திரும்பி வடிந்துவிடுகிறது. எங்கோ காற்று நுழைகிறது, அல்லது ஃபீட் பம்ப் வால்வு பிடிக்கவில்லை. மாலை படகை நிறுத்தியதும் டேங்க் காக்கை மூடிவிட்டு, காலையில் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். முரண்டு போய்விட்டால் டீசல் டேங்க்குக்கு வடிவதுதான் காரணம். எப்படியானாலும் கிளிப்புகள், செப்பரேட்டர் மூடி ரிங், பிரைமரின் உள் சீல் பாருங்கள். வால்வு கிட் விலை குறைந்த சாமான். சந்தேகம் என்றால் மாற்றிவிடலாம்.

அறிகுறி 4: ஆர்.பி.எம். தானாக ஏறி இறங்குகிறது

பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்துக் காற்றுதான். ஃபீட் பம்ப் உள்வாய்க்கு முன்னால் அந்த ஒரு முழக் கண்ணாடி ஹோஸைப் பொருத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து குமிழி போனால் அதற்கு முன்னால் ஓட்டை. ஹோஸை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். குமிழி நிற்கும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் குற்றவாளி. நகர்த்த வசதியில்லாத இடத்தில் இணைப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்பிப் பாருங்கள். குமிழி நின்றால் இடம் தெரிந்தது. கிரீஸ் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான், அப்படியே ஓட்டுவதற்கு அல்ல. சோதனை முடிந்ததும் கண்ணாடி ஹோஸையும் கழற்றிவிடுங்கள். சூட்டுக்கும் தீக்கும் அது தாங்காது.

குமிழியே இல்லாமல் ஆர்.பி.எம். ஆடினால் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்). டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்கு.

அறிகுறி 5: கிண்ணத்தில் தண்ணீர்

தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் நிற்கும். காலையில் எஞ்சின் எடுப்பதற்கு முன், கலங்காமல் இருக்கும்போது, அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். பாட்டிலைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் கோடு தெளிவாகத் தெரியும்.

ஒரு முறை ஒரு விரற்கடை வருவது இயல்பு. தினமும் வந்தால் வழியைத் தேடுங்கள்: மேல்தளத்தில் உள்ள டேங்க் மூடியின் ரப்பர் ரிங், அலையடிக்கும் பக்கம் நோக்கி நிற்கும் காற்றுக் குழாய், மழையில் திறந்து கிடந்த பேரல், கடைசியாக டேங்க் தகட்டில் துளை. மூடி ரிங்கைச் சோதிக்க, சுற்றிலும் உள்ள தளத்தைக் கழுவிவிட்டு மறுநாள் கிண்ணத்தைப் பாருங்கள்.

தண்ணீர் டீசல் பம்ப் வரை போயிருந்தால், அதாவது பம்ப்பின் ஏர் ஸ்க்ரூவில் பிடித்த டீசலிலும் தண்ணீர் தெரிந்தால், ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உப்புத்தண்ணீர் பிளஞ்சரை ஒரே இரவில் பிடிக்கவைத்துவிடும். பைப்புகளை வடித்து, சுத்தமான டீசலால் நிரப்பி, மெக்கானிக்கை அன்றைக்கே வரவழையுங்கள்.

அறிகுறி 6: புது ஃபில்டர் சில மணி நேரத்தில் அடைகிறது

பல கையேடுகள் ஃபில்டருக்குச் சொல்லும் கணக்கு 250 மணி நேரம் என்ற அளவில் இருக்கும். அதற்கு வெகுமுன்பே அடைத்தால் ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, டேங்க்கைப் பாருங்கள். கழற்றிய எலிமென்ட்டை எறிந்துவிடாமல் அறுத்து விரித்துப் பாருங்கள்.

*கறுப்பாக, சளிபோல வழுவழுப்பாக இருந்தால்* தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்திருக்கின்றன. *செம்பழுப்புப் பொடியாக இருந்தால்* இரும்பு டேங்க்கின் துரு. *வெள்ளை நார் அல்லது பஞ்சு இருந்தால்* டேங்க் துடைத்த துணியின் இழை. *பசைபோல, சோப்புபோல இருந்தால்* துத்தநாகப் பூச்சுள்ள டேங்க், பைப், பேரல் ஏதாவது பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து இப்படி ஒரு கசடை உண்டாக்கும், ஜி.ஐ. பைப் டீசல் லைனுக்கு ஆகாது.

இந்தக் கோளாறு கூட்டமாக வருவது மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரத்தில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு நிற்கிறது. கன்னியாகுமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. அரை டேங்க் டீசலோடு நிற்கும் படகில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடையே டேங்க் சுவரில் ஈரம் வேர்த்து அடியில் தங்குகிறது, அதில் கசடு வளர்கிறது. கரையில் நிற்கும்வரை எதுவும் தெரியாது. முதல் நாள் அலையில் படகு ஆடியதும் அடிக்கசடு முழுவதும் கலங்கி ஒரேயடியாக உறிஞ்சு குழாய்க்கு வருகிறது. காற்று பலமாக இருக்கும் நாளில் மட்டும் ஃபில்டர் அடைகிறது என்று சொல்பவர்களின் டேங்க்கிலும் இதே கதைதான்.

அன்றைக்குக் கரை சேர்வதற்கு: வேகத்தைக் குறையுங்கள், உறிஞ்சல் குறைந்தால் கசடு வருவதும் குறையும். மற்ற டேங்க் இருந்தால் மாற்றுங்கள். அதுவும் இல்லை என்றால் கேனை இணைத்து, துணியில் வடிகட்டிய டீசலை ஊற்றிக்கொண்டே வரலாம். எலிமென்ட்டே போடாமல் ஓட்டி வருவது மட்டும் கூடாது. சேமித்த ஃபில்டரைவிட டீசல் பம்ப் வேலை பல மடங்கு தின்னும்.

கரையில் செய்ய வேண்டியது டேங்க் சுத்தம். கிருமிநாசினி ஊற்றினால் மட்டும் போதும் என்று நினைப்பது தவறு. அது கொல்லும், ஆனால் செத்த கசடு முழுவதும் உரிந்து ஃபில்டருக்குத்தான் வரும். டேங்க்கை வடித்து, ஆள் துளை வழியாகக் கசடை அள்ளி, நார் விடாத துணியால் துடைத்து, உறிஞ்சு குழாய் வலையையும் ஹோஸ்களையும் கழுவி, எல்லா எலிமென்ட்டையும் மாற்றிய பிறகு மருந்து ஊற்றுங்கள். டேங்க்குக்குள் ஆள் இறங்கும் அளவு பெரியதாக இருந்தால் அதைச் செய்பவர்களிடமே விடுங்கள். உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. அடுத்த தடைக்காலத்துக்கு முன் டேங்க்கை விளிம்புவரை நிரப்புங்கள், அல்லது காலிசெய்து துடைத்து வையுங்கள். பாதியில் நிறுத்துவதுதான் மோசம்.

அறிகுறி 7: ஃபில்டரில் டீசல் கசிவு

துடைத்துவிட்டு, ஓட விட்டு, எங்கே முதலில் ஈரமாகிறது என்று பாருங்கள். மேலே கசிந்து கீழே வழிவதால் அடிக்கிண்ணத்தைக் குறை சொல்வது வழக்கம். ஏர் ஸ்க்ரூ வாஷர், பேஞ்சோ வாஷர், ரிங், தலையின் விரிசல், இந்த வரிசை. விரிசலுக்கு எம்-சீல் பூசுவது கரை சேர மட்டும்.

அறிகுறி 8: எஞ்சின் ஆயில் அளவு ஏறுகிறது, டீசல் வாசம் வருகிறது

எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஃபில்டரோடு இதற்குத் தொடர்பில்லை. ஆனால் டீசல் குறைகிறதே என்று ஃபில்டரில் கசிவு தேடுபவர்கள் பலர் என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபீட் பம்ப்பின் தண்டு சீலோ, டயஃப்ரம் வகையானால் டயஃப்ரமோ, டீசல் பம்ப்பின் சீலோ கிழிந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது. நீர்த்த ஆயிலில் பேரிங் சீக்கிரம் போய்விடும். டிப்ஸ்டிக்கில் ஒரு சொட்டு எடுத்து காகிதத்தில் வையுங்கள்: நடுவில் கறுப்பும் சுற்றிலும் அகலமாகப் பரவும் வெளிர் வளையமும் வந்தால் டீசல் கலந்திருக்கிறது. ஃபீட் பம்ப்பைக் கழற்றி மாற்றுவது படகு மெக்கானிக் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை. டீசல் பம்ப் சீல் என்றால் பம்ப்பை இறக்கி சர்வீஸ் கடைக்கு அனுப்ப வேண்டும்; திரும்பப் பொருத்தும்போது டைமிங் வைக்கத் தெரிந்தவரே வர வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே எஞ்சினை எடுங்கள்.